காட்டம்மன் வில்லுக்கு முதல் நாண்

என் வீட்டுக்காரர் மாரிசெல்வம் ஒரு வருஷமாகக் கோயில் தெருவில் கால் வைக்கவில்லை. பஸ் ஏற வேண்டும் என்றாலும் வீட்டுக்குப் பின்னால் இறங்கி, கண்மாய்க்கரையில் ஏறி, முள்ளுக்குள் அரை மைல் சுற்றி, பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்பக்கமாக வந்து சேருவார். செருப்பைத் தாண்டி முள் ஏறாத நாள் கிடையாது. கேட்டால், கரையில் நல்ல காற்று வருகிறது என்பார். தண்ணீர் இல்லாத கண்மாயில், அதுவும் புரட்டாசி வெயிலில், என்ன காற்று வரும்? நான் அதைக் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் அவர் ஒரு பொய் தேட வேண்டியிருக்கும், பாவம்.

எல்லாம் ஒரு வில்லால் வந்தது.

எங்கள் ஊர் பரளச்சிக்குக் கிழக்கே இருக்கிறது. விஜயதசமி அன்று காட்டம்மன் சப்பரத்தில் ஏறிக் கண்மாய்ப் பொட்டலுக்கு அம்பு போடப் போவாள். பொட்டலில் ஒரு வாழைமரத்தை வெட்டி நட்டிருப்பார்கள். அதுதான் அசுரன். அம்மனுக்குப் பதிலாகப் பூசாரி வில்லை வளைத்து அம்பு விடுவார். அந்த வில்லைச் செய்து கொடுக்கும் உரிமை தச்சு வேலை செய்யும் எங்கள் வீட்டுக்கு. வருஷா வருஷம் புது வில். ஊர் எல்லைக்குள் வளர்ந்த மரமாக இருக்க வேண்டும். செய்த கைதான் நாண் பூட்ட வேண்டும். அதுவும் பொட்டலில், அம்மன் முன்னால், ஊர் பார்க்க. அதற்கு முன்பு ஒரு தடவைகூட அந்த வில்லில் நாண் ஏறக் கூடாது.

நான் தையல்காரி. அளவு ரவிக்கை இல்லாமல் கத்தரிக்கோலைத் தொடமாட்டேன். வளைத்தே பார்க்காத மரத்தைக் கொண்டுபோய் ஊருக்கு முன்னால் முதல்முதலாக வளைப்பது என்ன வழக்கம் என்று எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே தோன்றும். முன்னால் இருந்தவர்களுக்கும் தோன்றியிருக்கும் போல. அவர்கள் புத்திசாலிகள். சாட்டைக்குச்சி மாதிரி ஒன்றைச் சீவி, தொளதொளவென்று ஒரு நூலைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். பூசாரி இழுப்பார். அம்பு மூன்றடி தள்ளிக் கீழே விழும். அவர் நடந்துபோய்ப் பொறுக்கி, வாழையில் கையாலேயே குத்தி வைப்பார். பெண்கள் குலவை போடுவோம். அசுரன் அம்பால் செத்தானா, பூசாரியின் கட்டைவிரலால் செத்தானா என்று யாரும் விசாரித்தது கிடையாது.

இவருக்குத்தான் அது பொறுக்கவில்லை. நல்ல தச்சர். எம்.ரெட்டியபட்டி வரைக்கும் இவர் வைத்த நிலைக்கதவு நிற்கிறது. போன வருஷம் வாகைப் பலகையில் ஒரு வில் செய்தார். இரண்டு பக்கமும் ஒரு நூல் பிசகாமல் அளந்து, கண்ணாடி மாதிரி இழைத்து, முனைக்கு ஒரு கிளி செதுக்கி, வார்னிஷ் அடித்தார். கட்டில் கால் போல அத்தனை அழகு. பொட்டலில் காலால் அணை கொடுத்து வளைத்து நாணை மாட்டினார். டப்பென்று ஒரு சத்தம். மேல்பாதி ஒடிந்து, நாணில் தொங்கி, கிளியோடு அவர் தோளில் வந்து அடித்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அம்மன் முன்னால் வில் ஒடிந்தால் சும்மா விடுவார்களா? அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றியது, பருத்தி காய்ந்தது, யார் வீட்டு ஆடோ செத்தது. அத்தனையும் இவர் தலையில் விழுந்தது. நிலை வைக்க நாள் குறித்திருந்த தங்கத்தாய் அக்கா அருப்புக்கோட்டையிலிருந்து வேறு ஆசாரியைக் கூட்டி வந்தது. நிலை வைப்பது நல்ல காரியமாம், அதனால் மாரி தப்பாக நினைக்கக் கூடாதாம். அதற்குப் பிறகு ஒருவர்கூட நிலை வைக்க இவரைக் கூப்பிடவில்லை. ஆட்டுப்பட்டிக்குப் படல், உடைந்த நாற்காலிக்குக் கால், இவ்வளவுதான் வந்தது. இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்மாய்க்கரையில் காற்று வாங்கப் போக ஆரம்பித்தார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. வில் ஒடிந்த மறுநாளே கோடாரியை எடுத்துக்கொண்டு எங்கள் புஞ்சைக்குப் போனேன். வரப்பில் ஒரு நாட்டுக்கருவேல், முடிச்சு அதிகம் இல்லாமல் நெட்டையாக நின்றது. கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் எங்கள் பக்கம் நம்புகிற மரம். இரண்டு நாள் வெட்டினேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. ஆறடித் துண்டைத் தெருவழியே, ஆமாம், கோயில் தெருவழியேதான், தரதரவென்று இழுத்து வந்தேன். இவர் வாசலில் நின்று பார்த்தார். பிறகு ஆப்பு அடித்து நீளவாட்டில் பிளந்தார். வெடிக்காமல் இருக்க இரண்டு முனையிலும் பெயிண்டைப் பூசி, எங்கள் கடையின் உத்தரத்துக்கு மேலே ஏற்றினார். பத்து மாசம் அது அங்கே காய்ந்தது.

வில் செய்யும் முறையை நான் போனில் பார்த்தேன். தாடி வைத்த ஒரு வெளிநாட்டுக்காரன். என்ன பாஷை என்றே தெரியாது. சத்தத்தை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் பார்த்தேன். அவன் மரத்தைச் சுவரில் ஒரு முளையில் படுக்கவாட்டில் வைத்தான். வில்லைவிட நீளமான கயிற்றை இரண்டு முனையிலும் மாட்டித் தொங்கவிட்டான். அந்தக் கயிற்றின் நடுவில் இன்னொரு கயிற்றைக் கட்டி, கீழே ஓர் உருளை வழியாக விட்டு, பத்தடி தள்ளி நின்று இழுத்தான். மரம் கொஞ்சம் வளைந்தது. எங்கே வளையவில்லையோ அங்கே சுரண்டினான். மறுபடி இழுத்தான். சுரண்டினான். நாணைக் கண்ணிலேயே காட்டவில்லை. நாள்கணக்கில் இதையே செய்துவிட்டு, கடைசியில்தான் நாண் பூட்டினான்.

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நாண் பூட்டும்போதுதான் வில் முதலில் வளையும் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வளையப் பழகின மரத்துக்குத்தான் நாணே பூட்ட வேண்டும். இவரிடம் காட்டினேன். முதல் தடவை உதட்டைப் பிதுக்கினார். இரண்டாம் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்றாம் தடவை போனை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்றார்.

அதில் ஒன்று கண்டுபிடித்தார். தாடிக்காரன் பட்டையை உரித்ததும், பட்டைக்கு அடியில் இருந்த பக்கத்தை அதற்குப் பிறகு தொடவே இல்லை. சுரண்டியதெல்லாம் உள்பக்கத்தில்தான். இவர் எழுந்து போய்ப் போன வருஷத்து ஒடிந்த வில்லை எடுத்து வந்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிப்பக்கத்தில் மரத்தின் நார் சாய்வாக ஓடியிருந்தது. இழைப்புளி அதைக் குறுக்கே அறுத்துவிட்டுப் போயிருந்தது. ஒடிந்ததும் சரியாக அந்த இடத்தில்தான்.

"அம்மன் ஒடிக்கல வடிவு," என்றார். "நான்தான் இழைச்சு இழைச்சு அறுத்திருக்கேன்."

ஒரு வருஷத்தில் அவர் வில்லைப் பற்றிச் சொன்ன முதல் பேச்சு அது.

ஆவணியில் வேலையைத் தொடங்கினோம். எங்கள் கடை ஒரே கொட்டகை. முன்பக்கம் என் தையல் மிஷின், பின்பக்கம் அவர் பட்டறை. பின்சுவரில் முளை அடித்தோம். கிணற்று உருளையைக் கழற்றி வந்து கீழே பொருத்தினோம். என் தையல் சாக்கட்டியால் சுவரில் சாணுக்கு ஒரு கோடு போட்டேன். பருத்தி மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை இரவல் வாங்கிக் கயிற்றில் மாட்டினோம், எத்தனை கிலோ இழுக்கிறோம் என்று தெரிய வேண்டுமே. பூசாரி மருதுபாண்டியைக் கூப்பிட்டு அந்தத் தராசை இழுக்கச் சொன்னோம். அவர் இருபது கிலோ இழுப்பேன் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். பதினைந்திலேயே கை நடுங்கியது, முகம் குங்குமமாகிவிட்டது. பதினைந்து என்று முடிவு செய்தோம்.

பட்டையை உரித்ததும் இவர் கை இழைப்புளியைத் தேடியது. வெளிப்பக்கம் மேடும் பள்ளமுமாக, பாம்பு போன தடம் மாதிரி இருந்தது. ஒரு தச்சருக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் இழைப்புளியை எடுத்து என் வெட்டுத்துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்தேன். நான்கு நாள் தேடினார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

முதல் இழுவையில் தராசு பத்துக் கிலோ காட்டியது. மரம் இரண்டு விரல்கடைதான் இறங்கியது. உள்பக்கத்தை வாய்ச்சியால் செதுக்கினார், பிறகு அரத்தால் ராவினார். போகப்போக, உடைந்த ஜன்னல் கண்ணாடிச் சில்லால் மெல்லச் சுரண்டினார். சுரண்டியதும் பார்க்கக் கூடாது. முப்பது தடவை மெதுவாக இழுத்து விட வேண்டும். அப்போதுதான் எடுத்த இடம் தன் குணத்தைக் காட்டும். பதினைந்து கிலோவுக்கு மேல் ஒரு தடவைகூட இழுக்கக் கூடாது. அதை மீறினால் மரம் உள்ளுக்குள் நொந்துபோகும்.

அவர் இழுப்பார், நான் எட்ட நின்று பார்ப்பேன். அவர் அளவுகோலை வைத்து இரண்டு பக்கமும் ஒரே கனம் என்று சாதிப்பார். நான் கண்ணால் பார்த்து வில்லின் மேல் கை, அதாவது பிடிக்கு மேலே உள்ள பாதி, மக்கர் பண்ணுகிறது என்பேன். துணியை நடுவில் மடித்தால் இரண்டு பாதியும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். அதைப் பதினெட்டு வருஷமாகப் பார்க்கும் கண் இது. மரத்துக்கு அளவுகோல் பேச்சு ஏறாது. ஒரே கனம் இருந்தாலும் ஒரு பக்கம் விறைப்பாக இருக்கும், ஒரு பக்கம் இளகும். விறைப்பான பக்கத்தில்தான் சுரண்ட வேண்டும். தினமும் மத்தியானம் நாங்கள் போடும் சண்டை தெருவுக்கே கேட்கும். ஆனால் ஒரு வருஷம் பேசாத மனுஷன் சண்டையாவது போடுகிறாரே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். மளிகைக்கடை வைத்திருப்பவர், கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். சுவரில் மரம் வளைந்து நிற்பதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அம்மன் பார்ப்பதற்கு முன்னால் நாண் ஏற்றிவிட்டீர்களே, போன வருஷம் பட்டது போதாதா என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை. கயிற்றை விட்டேன். மரம் நிமிர்ந்து கட்டையாகப் படுத்துக்கொண்டது, கயிறு கீழே தொங்கியது.

"நாண் ஏத்துனா வில்லு வளைஞ்சே நிக்கும் அண்ணாச்சி," என்றேன். "இது துணி காயப்போடுற கொடி மாதிரி தொங்குது. இன்னும் வில்லே ஆகல, அதுக்கு எப்படி நாண் ஏறும்?"

அண்ணாச்சியின் கண் தராசின்மேல் போனது. தராசைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. கயிற்றைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். ஒன்பது கிலோ என்று படித்தார். தராசு சரியாகக் காட்டுகிறதா, முத்திரை போட்டதா என்று விசாரித்தார். இன்னும் இரண்டு தடவை இழுத்தார். பிறகுதான் தான் கோபமாக வந்தது நினைவுக்கு வந்தது.

பூசாரியைக் கேட்டுச் சொல்வதாகப் போனார். மருதுபாண்டி, தொங்குகிற கயிறு நாண் ஆகாது என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி ஒத்துக்கொண்டார், ஆனால் கூடவே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். ஆன்லைனில் ஒரு ஃபைபர் வில் வாங்கி வைத்திருக்கிறாராம். அதையும் பொட்டலுக்குக் கொண்டு வருவாராம். இந்தத் தடவையும் ஒடிந்தால் இனிமேல் வருஷா வருஷம் அந்த ஃபைபர் வில்தான், எங்கள் வீட்டு உரிமை அதோடு முடிந்தது.

இவர் கேட்டுவிட்டு, நியாயம்தானே என்றார்.  இந்த மனுஷன் மிச்சக் காலமெல்லாம் முள்ளுக்குள் நடக்கத் தயாராகிவிட்டார்.

விஜயதசமிக்குப் பத்து நாள் இருக்கும்போது நூலும் லைனிங் துணியும் வாங்க அருப்புக்கோட்டைக்குப் போனேன். போவதற்கு முன்னால் கீழ் கையில் ஓர் இடத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டம் போட்டிருந்தேன். அங்கே ஒரு சின்ன முடிச்சு. அதைச் சுற்றி மரம் கொசு கடித்த தடிப்பு மாதிரி புடைத்திருக்கும். அந்தப் புடைப்பை அப்படியே விட வேண்டும், முடிச்சு இருக்கும் இடத்தில் மரத்துக்குப் பலம் கம்மி. இதை இருவரும் பேசி முடிவு செய்திருந்தோம்.

மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து பார்த்தால் வட்டத்தைக் காணோம். புடைப்பையும் காணோம். அந்த இடம் வழுவழுவென்று இருந்தது. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாராம், கை அரிப்பெடுத்ததாம், லேசாகத்தான் தட்டிவிட்டாராம். இழுத்துப் பார்த்தேன். பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, சரியாக அந்த இடத்தில், மரம் முழங்கை மாதிரி மடங்கியது. மற்ற இடமெல்லாம் தேமே என்று நின்றது. இப்படியே நாண் பூட்டினால் அங்கேதான் ஒடியும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் அவரைத் திட்டியதை இங்கே எழுதவில்லை. எழுதினால் அச்சில் ஏறாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கயிற்றை முனையிலிருந்து கழற்றினார்.

"விடு வடிவு. அண்ணாச்சி வாங்குன வில்லே வரட்டும். நான் ஒரேயடியா ஒதுங்கிக்கிறேன்."

வில்லை விறகு அடுக்கின்மேல் வைத்துவிட்டு வெளியே போனார். எந்தப் பக்கம் போனார் என்று சொல்லத் தேவையில்லை.

நான் மிஷினில் போய் உட்கார்ந்தேன். திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் தைக்க வேண்டிய துணி குவிந்து கிடந்தது. கையில் வந்தது தங்கத்தாய் அக்காவின் ரவிக்கை. இருந்த கோபத்தில் கழுத்தின் இடது பக்கத்தை அரை அங்குலம் ஆழமாக வெட்டிவிட்டேன். பதறவில்லை. தையல்காரிக்கு இது நடப்பதுதான். வெட்டிய இடத்தில் துணியை ஒட்டினால் ஊரே கண்டுபிடித்துவிடும். அதை அப்படியே விட்டுவிட்டு, வலது பக்கத்தையும் அதே ஆழத்துக்கு இறக்கி, தோளைக் கொஞ்சம் பிடித்துவிட்டால் ரவிக்கை தன்னால் சரியாகிவிடும். போட்டுக்கொள்கிறவர் கழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். வலது பக்கத்தை வெட்டும்போது என் கத்தரிக்கோல் பாதியில் நின்றது.

விறகு அடுக்கிலிருந்து வில்லை எடுத்து மறுபடி முளையில் மாட்டினேன். அவர் காலில் முள்ளோடு திரும்பி வரும்வரை காத்திருந்தேன்.

"கொறைஞ்ச எடத்தைத் தொடாதீக," என்றேன். "இனிமே அதுதான் அளவு ரவிக்கை. மத்த எடத்தையெல்லாம் அதோட அளவுக்குக் கொண்டுவாங்க."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கைவேலைக்காரருக்கு அரைப் பேச்சு போதும். எல்லா இடமும் இளகினால் வலு குறையுமே, பதினைந்து கிலோ பன்னிரண்டாகிவிடுமே என்றார். பூசாரியின் கை பதினைந்தில் ஆடியதை நினைவுபடுத்தினேன். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஆறு நாள் அவர் அரத்தைக்கூடத் தொடவில்லை. வெறும் கண்ணாடிச் சில்லு. ஒரு சுரண்டலுக்கு மரம் மாவு மாதிரி உதிரும், அவ்வளவுதான். பத்துச் சுரண்டல், முப்பது இழுவை. மடங்கிய இடத்துக்கு இரண்டு பக்கமும் முதலில் இளகியது. பிறகு முனைகள் வளையத் தொடங்கின. அந்த முழங்கை நாளுக்கு நாள் மறைந்து, நான்காவது நாள் வளைவோடு வளைவாகக் கலந்துவிட்டது. மேல் கைதான் கடைசிவரை அடம்பிடித்தது. ஆறாம் நாள் மத்தியானம் அம்பின் முழு நீளத்துக்கும் இழுத்துக் கயிற்றைக் கட்டினார். தராசு பன்னிரண்டு காட்டியது. நான் ஒரு பழைய நியூஸ்பேப்பரைச் சுவரில் வைத்து மேல் கையின் வளைவைச் சாக்கட்டியால் வரைந்தேன். பேப்பரை வெட்டி, திருப்பி, கீழ் கைமேல் வைத்தேன். ஒரு நூல்கூட விலகவில்லை.  பேப்பரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்து அவர், சரியா இருக்கா, சரியா இருக்கா என்று மூன்று தடவை கேட்டார். சரியாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு நேரமானது.

நாணை என் தையல் நூலிலேயே எண்பது இழை சேர்த்து முறுக்கி, மெழுகு தேய்த்து வைத்தேன். அதைப் பூட்டிப் பார்க்கக் கை துடித்தது. தொங்குகிற கயிறு வேறு, விறைப்பான நாண் வேறு. ஆனால் வழக்கம் வழக்கம்தான். வில்லையும் நாணையும் தனித்தனியாக மஞ்சள் துணியில் சுற்றி வைத்தோம்.

விஜயதசமி அன்று பொட்டலில் நிற்க இடமில்லை. போன வருஷம் ஒடிந்ததே, அதனால் வீரசோழன் ஊர்ப்பக்கத்திலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தது. சங்கரலிங்கம் அண்ணாச்சி ஃபைபர் வில்லை அட்டைப்பெட்டியோடு குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி நின்றார். வாழைக்குப் பின்னால் பெண்கள் கூட்டம் வழக்கம்போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் இதுவரைக்கும் அம்பு வந்ததே கிடையாது. நான் போய், எல்லோரும் எழுந்து விலகுங்கள் என்றேன். சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த தங்கத்தாய் அக்கா, இருபது வருஷமாகத் தான் இங்கேதான் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னது. கையைப் பிடித்து எழுப்பி இழுத்துக்கொண்டு போனேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஆனால் அந்தப் பக்கம் காலியாகும்வரை நகரவில்லை.

சப்பரத்துக்கு முன்னால் இவர் வில்லைத் துணியிலிருந்து எடுத்தார். கிளி இல்லை, வார்னிஷ் இல்லை. வெளிப்பக்கம் மேடுபள்ளமாக ஒரு கருவேலங்கட்டை. இதுவா என்று யாரோ முனகினார்கள். கீழ் முனையில் நாணை மாட்டி, காலால் அணை கொடுத்து வளைத்தார். மரம் வளைந்தது. மேல் முனையில் நாணின் மறுமுனை வளையத்தை மாட்ட வேண்டும்.  வளையம் முனைக்கு வந்து வந்து நழுவியது. போன வருஷத்துச் சத்தம் அவர் காதில் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இரண்டாம் தடவையும் நழுவியது.  அண்ணாச்சி பெட்டியின் டேப்பில் நகத்தை வைத்தார்.

இவர் வளைத்ததை விடாமல் தலையை மட்டும் திருப்பினார்.

"வடிவு, இங்க வா. நான் வளைச்சுப் பிடிக்கிறேன், நீ மாட்டு."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். செய்தவர்தானே பூட்ட வேண்டும் என்று அண்ணாச்சி குரல் கொடுத்தார். இவர் ஒரு வருஷமாக ஊரில் யாருக்கும் பதில் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார்.

"செஞ்சது ரெண்டு பேரு அண்ணாச்சி. என் இழைப்புளிய ஒளிச்சு வச்சே பாதி வில்லை இவதான் செஞ்சா."

ஒளித்து வைத்தது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. பூசாரி மருதுபாண்டி அம்மனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அவளும் பொம்பளைதானே, பூட்டட்டும் என்றார். அதற்கு மேல் யார் பேச முடியும்? நான் வளையத்தைப் பிடித்து மேல் முனையில் ஏற்றி, நாணுக்காக வெட்டியிருந்த பள்ளத்தில் உட்கார வைத்தேன். கையை எடுத்தேன். அவர் மெதுவாக, மிக மெதுவாக, பிடியைத் தளர்த்தினார்.

எல்லோரும் சத்தத்துக்குக் காத்திருந்தோம். சத்தம் வரவில்லை. நாண் விறைத்தது, வில் வளைந்து அப்படியே நின்றது. மேல் கை, கீழ் கை, இரண்டும் ஒன்றுபோல. அவர் நாணை ஒரு விரலால் சுண்டினார். தம்புராவில் வருவதுபோல ரீங்காரம் ஒன்று வந்தது. பூசாரியிடம் கொடுத்தார்.

மருதுபாண்டி இருபது அடியில் நின்று அம்பைத் தொடுத்து இழுத்தார். பன்னிரண்டு கிலோதானே, கை நடுங்கவில்லை. விட்டார். விட்ட கையோடு, வழக்கப்படி, அம்பைப் பொறுக்க நான்கு எட்டு நடந்து குனிந்தார். தரையில் அம்பு இல்லை. இடப்பக்கம் தேடினார், வலப்பக்கம் தேடினார். கூட்டத்தில் ஒரு குழந்தைதான் முதலில் கையை நீட்டியது. அம்பு வாழையில் இருந்தது. நட்ட நடுவில் ஏறி, இரும்பு முனை மறுபக்கம் எட்டிப் பார்த்தது. அதிலிருந்து வாழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது.

குலவையை நான் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்தது தங்கத்தாய் அக்கா. அதற்கப்புறம் பொட்டலே குலவையாக இருந்தது. இரண்டாவது அம்பு கொஞ்சம் கீழே, மூன்றாவது அம்பு முதல் அம்புக்கு ஒரு சாண் மேலே. மூன்றும் தைத்தன. பூசாரிக்கு வெறி வந்து நான்காவது அம்பு கேட்டார். வழக்கத்தில் மூன்றுதான். நான் ஊருக்கு முன்னால் வாய்விட்டுச் சிரித்தேன், அழுதும் கொண்டிருந்தேன், இரண்டையும் மறைக்கவில்லை.

அண்ணாச்சி மெல்லப் பக்கத்தில் வந்தார். பெட்டியைப் பிரிக்கவில்லை என்றால் ரிட்டன் எடுத்துக்கொள்வார்களா, போனில் பார்த்துச் சொல்லேன் என்று என்னிடம் கேட்டார். எடுத்துக்கொள்வார்கள் என்றேன். தங்கத்தாய் அக்கா இவரிடமே நேராக வந்தது. மகளுக்கு வீடு கட்டுகிறார்களாம், தையில் நிலை வைக்க வேண்டுமாம், மாரி வந்தால்தான் ஆயிற்றாம். ஒரு வருஷமாக இதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்த பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. அக்கா நான் தைத்த அந்த ரவிக்கையைத்தான் போட்டிருந்தது. கழுத்து அழகாகத்தான் இருந்தது. பேச்சை விழுங்கிக்கொண்டேன். இவர், வாரேன் அக்கா என்று சொல்லிவிட்டார்.

பொட்டலிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கண்மாய்க்கரை வழிதான் கிட்டம். பழக்கத்தில் நான் கரைப்பக்கம் திரும்பினேன். இவர் வரவில்லை.

"அங்கிட்டு முள்ளு கெடக்கு," என்றார். "இப்படிப் போவோம்."

கோயில் தெருவில் நடந்தோம். சாயங்கால வெயில், வாசல்தோறும் ஆள். ஒவ்வொரு வாசலிலும் யாராவது ஏதாவது கேட்டார்கள், இவர் நின்று நின்று பதில் சொன்னார். கையில் வில் இல்லை, அது அம்மனிடம் இருந்தது. ஆனாலும் கையைக் கொஞ்சம் அகட்டியே வைத்து நடந்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும் சட்டென்று நின்று, தீப்பெட்டி வாங்க மறந்துவிட்டேனே என்று சொல்லி வந்த வழியே திரும்பினார். அடுப்படியில் இரண்டு தீப்பெட்டி இருந்தது. நானும் அவரோடு திரும்பினேன்.